குழந்தை வண்டி தூரத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடம்

லண்டன் மாநகரின் தென்கிழக்கில் பெக்கம் என்றொரு பகுதி இருக்கிறது. உழைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம். 1935-ஆம் ஆண்டு அங்கே மூன்று அடுக்குக் கட்டடம் ஒன்று திறக்கப்பட்டது. நடுவில் பெரிய நீச்சல் குளம், ஒரு பக்கம் உடற்பயிற்சிக் கூடம், இன்னொரு பக்கம் நாடக அரங்கு. குளத்துக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் இடையே சுவர் வைக்காமல் கண்ணாடி வைத்திருந்தார்கள். தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு, பேரன் தண்ணீரில் தொபுக்கென்று குதிப்பது அங்கிருந்தே தெரியும்.

இதைத் தொடங்கியவர்கள் ஜார்ஜ் ஸ்காட் வில்லியம்சன், இன்னஸ் பியர்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள். இடத்தின் பெயர் ‘பயோனியர் ஹெல்த் சென்டர்’. மருத்துவர்கள் தொடங்கியும் அங்கே யாருக்கும் வைத்தியம் பார்க்கப்படவில்லை. நோயை ஆராய எத்தனையோ மருத்துவமனைகள் இருக்கின்றன, ஆரோக்கியம் எப்படி உண்டாகிறது என்று பார்க்க ஓரிடம்கூட இல்லையே என்பது அவர்களுடைய கவலை. அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளவே இத்தனை பெரிய கட்டடம். வரலாற்றில் இதற்கு ‘பெக்கம் பரிசோதனை’ என்று பெயர்.

அங்கே தனி ஆளாகச் சேர முடியாது. குடும்பமாகத்தான் சேர வேண்டும். சந்தா வாரம் ஒரு ஷில்லிங், அதுவும் ஆளுக்கு அல்ல, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து. ஆண்டுக்கு ஒருமுறை வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் உடல் பரிசோதனை. முடிந்ததும் மருத்துவர்கள் குடும்பத்தோடு ஆற அமர உட்கார்ந்து, கண்டதைச் சொல்வார்கள். என்ன செய்வது என்று முடிவெடுப்பது குடும்பத்தின் பொறுப்பு. பரிசோதித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு குறை இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ‘எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள்.

இன்னொரு விதியும் உண்டு. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரக்கூடிய தூரத்துக்குள் வீடு இருக்க வேண்டும். அதற்கு அப்பால் இருப்பவர்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் சேர முடியாது. என்னைப் பிடித்து நிறுத்தியது இந்த விதிதான். ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு எல்லைக்கோடு எதற்கு? அந்தக் கோடு எவ்வளவு சரியான இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்பது, நம் தசைக்குள் எட்டிப் பார்த்தால் விளங்கும்.

காலையில் நான்கு இட்லி சாப்பிடுகிறோம். மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசைகள். ஆனால் தசைச் செல்லின் சுவருக்குள் சர்க்கரை தானாக நுழைந்துவிட முடியாது. அதை உள்ளே கொண்டுபோக ‘குளூட் 4’ என்ற புரதங்கள் இருக்கின்றன. வேலை இல்லாத நேரத்தில் இவை செல்லின் உட்பகுதியில், சின்னஞ்சிறு பைகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கும். கணையத்திலிருந்து இன்சுலின் வந்து செல்லின் சுவரைத் தொட்டதும், அந்தப் பைகள் நகர்ந்து சுவருக்கு வரும். புரதங்கள் சுவரில் பொருந்தி நின்று சர்க்கரையை உள்ளே விடும்.

நீரிழிவு நோயின் பெரும்பான்மையான வகையில் பழுதாவது இந்த அழைப்புதான். இன்சுலின் வருகிறது, தட்டுகிறது, உள்ளே சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தசைக்கு இன்னொரு வழியும் உண்டு. அது சுருங்கி விரியும்போது, இன்சுலினை எதிர்பார்க்காமல் தானே வேறு ஒரு சமிக்ஞையை அனுப்பி அதே பைகளைச் சுவருக்கு வரவழைக்கிறது. இன்சுலினின் குரல் மங்கிப்போனவர்களிடமும் இந்த இரண்டாவது குரல் தெளிவாகவே கேட்கிறது. மாடிப்படி ஏறும்போது, குளத்தில் கை வீசும்போது, பஸ்கி எடுக்கும்போது, ஒவ்வொரு சுருக்கத்திலும் இது நடக்கிறது. மருந்துக் கடையில் வாங்க முடியாத இந்த ஏற்பாட்டை நாம் பிறக்கும்போதே கொண்டுவந்திருக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

பயிற்சி முடிந்த பிறகும் தசை கொஞ்ச காலம் விழிப்போடு இருக்கும். இன்சுலினின் அழைப்பு அதற்கு வழக்கத்தைவிட நன்றாகக் கேட்கும். எவ்வளவு நேரம்? ஏறக்குறைய ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். அதன் பிறகு பழைய நிலைதான். ஞாயிற்றுக்கிழமை செய்த பயிற்சி புதன்கிழமைச் சாப்பாட்டுக்கு உதவாது.

ஆகவே, நாளைக்கோ நாளை மறுநாளோ திரும்பவும் போக முடிகிற இடம்தான் உடம்புக்குப் பயன்படும். ஊருக்கு வெளியே பளபளக்கும் பெரிய கூடத்தைவிட, தெரு முனையில் உள்ள சுமாரான கூடம் மேலானது. பெக்கமில் கோடு போட்டவர்களுக்கு குளூட் 4 பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தாய் வாரத்தில் மூன்று முறை எவ்வளவு தூரம் வருவாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே லண்டனில் 1953-இல் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், நடத்துநர் நாள் முழுக்கப் படியேறி இறங்குகிறார். ஒரே நிறுவனம், ஒரே வண்டி, ஒரே தெரு. ஆனால் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் பிந்திய வயதில் வந்தது, உயிரிழப்பும் குறைவாக இருந்தது. ஒரு நடத்துநர் வேலை நாளொன்றுக்கு ஏறிய படிகள் 500 முதல் 750 வரை. யாரும் அவரிடம் உடற்பயிற்சி செய்யச் சொல்லவில்லை, வேலையோடு வேலையாக நடந்தது. உட்கார்ந்த வேலை இதயத்துக்குக் கேடு என்று பெரிய அளவில் காட்டிய முதல் ஆய்வுகளில் இது ஒன்று. மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

இனி பணத்தின் பக்கம் வருவோம். உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்வதில் ஆரம்ப சூரத்தனம் நம் எல்லோருக்கும் உண்டு. ஜனவரி முதல் தேதி பணம் கட்டுவோம், பிப்ரவரியில் ஏதோ ஒரு சாக்கு, மார்ச்சில் பிள்ளைக்குத் தேர்வு. இதை ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மென்டியர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அளந்தே பார்த்துவிட்டார்கள். 2006-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களைப் பின்தொடர்ந்தது. மாதச் சந்தா 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் வந்தார்கள். கணக்குப் போட்டால், ஒருமுறை வருவதற்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. அதே கூடத்தில் பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் முறைக்கு 10 டாலர்தான். நாளைய நம்மைப் பற்றி இன்றைய நாம் வைத்திருக்கும் நம்பிக்கை அவ்வளவு பெரியது.

வராத உறுப்பினரிடமிருந்தும் சந்தா வந்துகொண்டிருக்கும். சேர்ந்த எல்லோரும் ஒரே மாலையில் வந்து நின்றால் பல கூடங்களில் நிற்கவும் இடம் இருக்காது. அதனால் இலாபத்துக்கு நடத்தப்படும் கூடத்துக்கு, நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டு அலைய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நல்ல மனம் படைத்த முதலாளிகள் இருக்கிறார்கள். நான் சொல்வது கணக்கின் போக்கைப் பற்றி.

இலாப நோக்கமற்ற சமூகக் கூடத்தில் இந்தக் கணக்கு வேறு. வருமானத்தில் மிச்சம் வந்தால் பங்குதாரர் என்று எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. அது குளத்துக்கோ, புதிய தரைக்கோ, பணம் கட்ட முடியாத குடும்பத்தின் சந்தாவுக்கோ திரும்பிப் போக வேண்டும். அமெரிக்காவின் ஒய்.எம்.சி.ஏ. கிளைகள் பலவற்றில் குடும்ப வருமானத்தைப் பார்த்துச் சந்தாவைக் குறைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் பெயர்ப்பலகையில் ‘இலாப நோக்கமற்றது’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. நிர்வாகக் குழுவில் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் இருக்கிறார்களா, கணக்கைக் கேட்டால் காட்டுகிறார்களா, சந்தாவில் சலுகை கேட்டு வருகிறவரை முகம் சுளிக்காமல் நடத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ஒய்.எம்.சி.ஏ. என்றதும் அதன் கதையில் ஒரு பகுதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1844-இல் லண்டனில் துணிக்கடையில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற 22 வயது இளைஞர் தொடங்கிய சங்கம் அது. அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, உடற்பயிற்சிக்குத் தனிப் பள்ளியே நடத்தத் தொடங்கியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அந்தப் பள்ளியில் 1891-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு வகுப்பு சலித்துப்போய்க் கிடந்தது. வெளியே பனி, உள்ளே ஒரே மாதிரியான கசரத்து. இவர்களுக்கு ஏதாவது புதிதாகக் கண்டுபிடியுங்கள் என்று துறைத் தலைவர் லூதர் குலிக் சொல்ல, ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகள் இரண்டை மாடத்தின் கம்பியில் ஆணி வைத்து அடித்தார். கம்பி தரையிலிருந்து 10 அடி உயரம். இன்று உலகம் முழுக்கக் கூடைப்பந்து வளையம் அதே 10 அடியில்தான் இருக்கிறது.

நான்கு ஆண்டு கழித்து, பக்கத்து ஊரான ஹோலியோக் கிளையில் இன்னொரு சிக்கல் வந்தது. நடுவயது வியாபாரிகளுக்குக் கூடைப்பந்தின் இடியும் ஓட்டமும் தாங்கவில்லை. அவர்களுக்காக வில்லியம் மார்கன் நடுவில் வலை கட்டி ஓர் ஆட்டம் அமைத்தார். இரண்டு அணிகளும் உடம்போடு உடம்பு மோதவே வாய்ப்பில்லாத ஆட்டம். அதுதான் கைப்பந்து. இளைஞர்களுக்கு ஓர் ஆட்டம் கிடைத்துவிட்டது, மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஒரு கூடம் குடும்பத்துக்கு ஏற்றதா என்று எடைபோட இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதை நம் ஊருக்கும் வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கியதுதான் நந்தனத்தில் இன்றும் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணியோடு போனவரும் அவரே. தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் விசில் ஊதிய எத்தனையோ பி.டி. மாஸ்டர்கள் அந்தக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள்.

பெக்கமின் கண்ணாடிக்குத் திரும்புவோம். ஒரு செயலைக் கண்ணால் பார்ப்பதே அதைச் செய்யத் தூண்டும் என்று ஸ்காட் வில்லியம்சன் நம்பினார். அதனால்தான் உள்ளே எங்கு நின்றாலும் வேறொரு இடத்தில் யாரோ எதையோ செய்வது கண்ணில் படும்படி கட்டடத்தை அமைத்தார்கள். தேர்ந்த வீரரைப் பார்த்தால் கை தட்டத் தோன்றும். பக்கத்து வீட்டு அக்கா தட்டுத்தடுமாறி நீந்துவதைப் பார்த்தால்தான் ‘நாமும் இறங்கிப் பார்க்கலாமே’ என்று தோன்றும்.

அந்தக் கட்டடம் திறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பெர்லினில் ஓட்டோ கோலர் என்ற உளவியலாளர் படகுக் குழாம் ஒன்றின் உறுப்பினர்களை வைத்துச் சோதனை செய்தார். கையில் எடையை ஏந்தி, முடியும்வரை திரும்பத் திரும்பத் தூக்கி இறக்க வேண்டும். தனியாகவும் செய்தார்கள், இரட்டிப்பு எடையை இருவராகப் பிடித்தும் செய்தார்கள். இருவராகச் செய்தபோது, வலு குறைந்தவர் தனியாகச் செய்ததைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் வலு ஒரே அளவாக இருந்தால் இந்தப் பலன் குறைவு, மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தாலும் குறைவு. மிதமான இடைவெளி இருக்கும்போதுதான் பலன் அதிகம். அண்ணன் தம்பிக்கும் அம்மா மகளுக்கும் இடையே பெரும்பாலும் இருக்கும் இடைவெளி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெக்கமின் உடற்பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகளை யாரும் வரிசையில் நிற்கவைத்து எண்ணவில்லை. பள்ளி விட்டதும் வருவார்கள். ஊழியரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வேண்டியதைச் செய்வார்கள். தொடக்க மாதங்களில் ஒரே அமளி. சட்டாம்பிள்ளை ஒருவரை வைக்கலாமே என்று எழுந்த பேச்சுக்கு ஸ்காட் வில்லியம்சன் இணங்கவில்லை. மெல்ல மெல்ல அமளி தானே அடங்கியது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் கயிற்றில் ஊஞ்சலாடுகிறார்கள், ஏணியில் ஏறுகிறார்கள், குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறார்கள், ஆனாலும் மோதிக்கொள்வதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன்னைச் சுற்றியுள்ள அத்தனை அசைவுகளையும் உள்வாங்கித் தன் பாதையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் திருத்திக்கொள்கிறது என்று அந்த மருத்துவர்கள் மெய்ம்மறந்து குறித்துவைத்தார்கள்.

அந்த ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் நடக்கிறது. குதித்துத் தரையில் கால் ஊன்றும்போது எலும்பு இம்மியளவு வளைகிறது. எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் அந்த வளைவை உணர்ந்து, இங்கே இன்னும் கொஞ்சம் கட்டு என்று செய்தி அனுப்புகின்றன. வயதுவந்த ஒருவரின் எலும்பில் இருக்கும் தாது உப்பில் ஏறக்குறைய கால் பங்கு, வளரிளம் பருவத்தின் உச்சத்தில் இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அது பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வரும். நம் வீடுகளில் ‘பெரிய பெண் ஆகிவிட்டாய், குதிக்காதே’ என்று சொல்லத் தொடங்குவதும் சரியாக அந்த வயதில்தான். அந்தச் சொல்லை நாம் விட்டுவிட வேண்டும்.

மறுமுனையில் பாட்டி இருக்கிறார். 1990-இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் சக ஆய்வாளர்களும் முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதையொட்டிய பத்துப் பேருக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அதுவும் கடுமையான பயிற்சி. எட்டு வாரத்தை நிறைவு செய்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது, அதாவது இரண்டேமுக்கால் மடங்கு ஆனது. தசைக்கு வயதாகிறது, ஆனால் கற்றுக்கொள்ளும் குணம் அதைவிட்டுப் போவதில்லை. ஆகவே ஒரு கூடத்துக்குப் போனால் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் குதிக்க இடம் இருக்கிறதா, எழுபது வயதுக்காரருக்குக் குறைந்த எடையிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். இளவட்டங்கள் மட்டும் கண்ணாடி முன் நிற்கும் இடம் குடும்பத்துக்கு ஆகாது.

குளம் இருந்தால், மூக்கை நம்புங்கள். உள்ளே நுழைந்ததும் குப்பென்று அடிக்கும் வாடையை நாம் ‘குளோரின் நன்றாகப் போட்டிருக்கிறார்கள்’ என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மை நேர்மாறானது. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமைன் என்ற பொருளாக மாறும்போதுதான் அந்த வாடை வருகிறது. கண் எரிவதும் பெரும்பாலும் அதனால்தான். நன்றாகப் பராமரிக்கப்படும் குளத்தில் வாடை மிக லேசாக இருக்கும். பிறகு கரையில் நின்று, ஆழமான பகுதியின் அடியில் இருக்கும் வடிகால் மூடியைப் பாருங்கள். அதன் கம்பிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், அங்கே மூழ்கும் குழந்தையும் நீச்சல் குளக் காவலர் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காவலரையும் ஐந்து நிமிடம் கவனியுங்கள். அவர் கண் தண்ணீர் மேல் இருக்கிறதா, கைபேசி மேல் இருக்கிறதா? கைபேசி மேல் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். மற்ற எந்த வசதியும் அதற்கு ஈடாகாது.

பெக்கம் மையம் 1939-இல் போர் வந்தபோது மூடப்பட்டு 1946-இல் மீண்டும் திறந்தது. சந்தா மட்டும் செலவுக்கு என்றும் போதவில்லை, நன்கொடையும் தேவைப்பட்டது. 1948-இல் பிரிட்டன் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியது. மகத்தான திட்டம்தான். ஆனால் நோயாளிகளே இல்லாத, சந்தா வாங்கும், ஒரு வட்டாரத்துக்கு மட்டும் உரிய மையத்துக்கு அதில் இடம் இல்லை. 1950-இல் பெக்கம் நிரந்தரமாக மூடியது. கட்டடம் இன்றும் நிற்கிறது, அதில் வீடுகள் இருக்கின்றன.

உங்கள் பகுதியில் மாநகராட்சியோ, ஏதாவது ஒரு சங்கமோ, அறக்கட்டளையோ நடத்தும் கூடம் இருந்தால், இந்த வாரம் ஒரு மாலை ஆறு மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். வண்டியை எடுக்காதீர்கள், நடந்தே போங்கள். வீட்டில் மூத்தவரையும் இளையவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பணம் கட்ட வேண்டாம். திரும்பி வரும் வழியில் அம்மாவிடம், ‘நாளை மறுநாளும் வருவோமா?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் சரி என்றால் சேர்ந்துவிடுங்கள்.